படகு மட்டும் போதாது

(மழைக்கால முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் நமது அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரை)





2024 டிசம்பர் 2-ஆம் தேதி அதிகாலையை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. கரையோர ஊர்களில் வெள்ளம் புகுந்தது. அன்றுதான் "நமக்கென்று ஒரு படகு வேண்டும்" என்ற பேச்சு எழுந்தது.

2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் தவித்தபோது, கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போய் ஆயிரக்கணக்கானோரை மீட்டார்கள். படகு இருப்பது வேறு. அது உரிய நேரத்தில் உரிய இடத்துக்குப் போய்ச் சேருவது வேறு. படகை இழுத்துச் செல்லும் டிரெய்லரைப் பற்றி இன்று பேசுவது அதனால்தான்.

குறைந்த விலையில் ஒரு பழைய டிரெய்லர் கிடைத்தும் நாங்கள் ஏன் வேண்டாம் என்றோம் என்று சிலர் வருத்தப்பட்டீர்கள். அது நியாயமான கேள்வி. இது ஜகாத் பணம் அல்ல, நீங்கள் லில்லாஹ்வாகக் கொடுத்த பணம். அதுவும் அமானிதமே. பதில் சொல்வது எங்கள் கடமை.

நேரில் போய்ப் பார்த்தோம். சட்டத்தில் பற்றவைத்த இடம் துருப்பிடித்து விரிசல் விட்டிருந்தது. டயரின் பக்கவாட்டில் வெடிப்புகள். பதிவுப் புத்தகமும் இல்லை. மிச்சமாகும் பணத்தைவிட, பின்னால் பைக்கில் வருகிற ஒரு பிள்ளையின் உயிர் பெரிது என்று திரும்பிவிட்டோம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை இவை. முதலில் எடை. படகு, இன்ஜின், எரிபொருள், உயிர்காப்பு உடைகள், கயிறு எல்லாவற்றையும் கூட்டுங்கள். டிரெய்லரின் தாங்குதிறன் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இதோடு டிரெய்லரின் சொந்த எடையையும் சேர்த்தால் வருவது, இழுக்கும் ஜீப்பின் கையேட்டில் சொன்ன இழுவை அளவைத் தாண்டக் கூடாது. தண்ணீரில் இறங்கும் வண்டி என்பதால், பெயின்ட் அடித்த இரும்பைவிடத் துத்தநாகப் பூச்சுள்ள சட்டம் நீடித்து உழைக்கும்.

அடுத்தது பாரம். மாட்டுவண்டி ஓட்டிய பெரியவர்களுக்கு இது தெரியும். பின்பாரம் கூடினால் ஏர்க்கால் மேலே தூக்கும். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து அழுந்தும். டிரெய்லரும் அப்படித்தான். மொத்த எடையில் 5 முதல் 10 விழுக்காடு முன்கொக்கியில் இறங்க வேண்டும். படகோடு சேர்த்து 600 கிலோ என்றால் 30 முதல் 60 கிலோ. மளிகைக் கடைத் தராசு ஒன்றே போதும், பார்த்துவிடலாம். இது குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும். அப்படி ஆடினால் திடீர் பிரேக் போடாதீர்கள், ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டி தானாக வேகம் குறைய விடுங்கள்.

புறப்படும் முன் ஐந்து இடங்களைத் தொட்டுப் பாருங்கள். கொக்கி பூட்டி லாக் பின் விழுந்திருக்கிறதா? இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளும் ஏர்க்காலுக்குக் கீழே குறுக்காக மாட்டியிருக்கின்றனவா? படகின் முன்புறமும் பின்புறமும் பட்டையால் இறுக்கிக் கட்டியிருக்கிறதா? சக்கர நட்டுகளும் காற்றும் சரியா? பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் எரிகின்றனவா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று நமக்குக் கற்றுத்தரப்பட்டிருக்கிறது. பூட்டாத கொக்கியோடு பிஸ்மில்லாஹ் சொல்லிப் புறப்படுவது தவக்குல் ஆகாது.

டிரெய்லரில் ஆள் ஏறக் கூடாது. "நாலு வீடு தள்ளித்தானே" என்றாலும் கூடாது.

கடைசியாகப் பராமரிப்பு. ஓடி வந்த சக்கரத்தின் நடுப்பகுதி சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் கெட்டு பேரிங் துருப்பிடிக்கும். அவகாசம் இருந்தால் ஆறவிட்டு இறக்குங்கள். அவசரத்தில் இறக்கினால் பணி முடிந்ததும் பேரிங்கைக் கழற்றிப் பார்த்துப் புது கிரீஸ் வையுங்கள். தண்ணீரில் இறக்கும் முன் விளக்கு ஒயர் பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

நம் டிரெய்லர் ஆண்டில் பெரும்பாலான நாட்கள் நின்றுகொண்டுதான் இருக்கும். ஓடாத டயரும் கெடும். வெயில் படாமல் மூடி, அச்சுக்குக் கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்த வேண்டும். டயர் எப்போது செய்தது என்பதை அதன் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்கள் சொல்லும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

ஒன்றை மறக்க வேண்டாம். பாய்ந்து ஓடும் ஆற்றில் இறங்க நம் படகு அல்ல. தெருவில் தேங்கிய நீரில், தீயணைப்புத் துறையும் வருவாய்த் துறையும் அழைக்கும்போது அவர்களோடு சேர்ந்து போகத்தான்.

நல்ல டிரெய்லர் வாங்க இன்னும் கொஞ்சம் பணம் தேவை. அதைவிட, மாதம் ஒரு நாள் அதை வெளியே எடுத்து, இழுத்து, பின்னோக்கி ஓட்டிப் பழக நான்கு இளைஞர்கள் தேவை. தொழுகை முடிந்ததும் பெயர் கொடுங்கள். வெள்ளம் வரும் இரவில் யாரும் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது.

அல்லாஹ் அந்தப் படகுக்கு வேலையே வராமல் காப்பானாக. வந்தால், அது வழியில் நின்றுவிடாமல் போய்ச் சேரட்டும். ஆமீன்.