பவளத்திற்கு ஒரு சூரியன்



வீரகேரளம்புதூர் கடலைக் காணாத ஊர். மேற்கே மலை, ஊரை ஒட்டிச் சிற்றாறு. குற்றால மலையில் பிறக்கும் அந்த ஆறு எங்கள் ஊரைக் கடந்து கிழக்கே சென்று, சீவலப்பேரிக்கு அருகில் தாமிரபரணியோடு கலக்கிறது. தாமிரபரணியோ புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகிறது. ஆகவே, பவளப் பாறைகள் வளரும் கடலோடு எங்கள் ஊருக்கும் ஒரு நீர்வழி உறவு உண்டு.

சென்ற ஆண்டு எங்கள் ஊர் மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். கண்ணாடித் தொட்டியில் உயிருள்ள பவளம் வளர்ப்பதைப் படக்காட்சி ஒன்றில் கண்டிருக்கிறான். "ஐயா, பவளத்திற்கு எந்த எல்.இ.டி. விளக்கு வாங்க வேண்டும்? எவ்வளவு உயரத்தில் தொங்கவிட வேண்டும்?" என்று கேட்டான். விடை சொல்ல முற்பட்டபோது, ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் நான் செய்த பிழை ஒன்று நினைவுக்கு வந்தது.

அதைச் சொல்லுமுன், பவளம் என்பது யாது என்று பார்ப்போம். நகையில் பதிக்கும் செம்பவளத்தை நான் குறிப்பிடவில்லை. பாறையைக் கட்டும் பவளம் ஒரு சிறு பிராணி. வாயைச் சுற்றி உணர்கொம்புகள் கொண்ட மென்மையான உயிர். அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. பிராணி பாசிக்கு இடம் கொடுக்கிறது. பாசி ஒளியைக் கொண்டு உணவு சமைத்துப் பிராணிக்கு வாடகை தருகிறது. பவளத்திற்கு வேண்டிய ஆற்றலில் தொண்ணூறு சதவிகிதம் வரைகூட இவ்வழியே கிடைக்கக்கூடும். எனவே, பவளத்தொட்டியில் விளக்கு என்பது அலங்காரம் அன்று, அதுவே அடுப்பு.

இனி என் பிழைக்கு வருகிறேன். வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் பவளத்தொட்டி ஒன்று என் பொறுப்பில் இருந்தது. பழைய விளக்கு நீரைச் சூடாக்கியதால், அதை அகற்றி எல்.இ.டி. விளக்கைப் பொருத்தினோம். நீல ஒளி மிகுந்த விளக்கு அது. பழைய வெள்ளொளியில் பழகிய என் கண்ணுக்குத் தொட்டி இருண்டதுபோல் தோன்றியது. 'பவளம் பட்டினி கிடக்குமே' என்று இரங்கி, விளக்கைத் தாழ்த்தி, முழு வேகத்தில் எரியவிட்டேன். பத்தாம் நாள் பவளங்களின் மேற்புறம் வெளுக்கத் தொடங்கியது. ஒளி போதவில்லை என்றே அப்போதும் எண்ணினேன்! உண்மை தெரிந்து விளக்கைத் தணிப்பதற்குள் தொட்டியில் பாதி வெறும் சுண்ணாம்புக் கூடாகிவிட்டது.

நிகழ்ந்தது என்ன? மனிதக் கண் பச்சை, மஞ்சள் ஒளியை நன்கு உணரும். நீலத்தைக் குறைவாகவே உணரும். பவளத்தில் வாழும் பாசியோ நீலத்தையே பெரிதும் உண்கிறது. தெளிந்த கடல்நீர், சிவப்பொளியை முதற்சில மீட்டர்களிலேயே பெரும்பாலும் விழுங்கிவிடும். நீலமே ஆழம்வரை இறங்கும். ஆதலின் பாசி நீலத்திற்குப் பழகியது. எனக்கு மங்கலாகத் தெரிந்த ஒளி அதற்குச் சுட்டெரிக்கும் வெயில். ஒளி அளவு கடக்கும்போது பாசிக்குள் தீங்கு செய்யும் ஆக்ஸிஜன் வடிவங்கள் உண்டாகின்றன. அதைத் தாங்காமல் பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போகிறது; நெடுநாள் அப்படியே இருந்தால் உயிரும் போகிறது.

ஆகவே, விளக்கைத் தேர்வோர் கண்ணை நம்பலாகாது. கண்ணின் இயல்பை ஒட்டி அமைந்த லக்ஸ் மானியையும் நம்பலாகாது. 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட ஒளித்துகள்களை எண்ணும் 'பார்' மானி என்றொரு கருவி உண்டு, அதுவே ஏற்றது. ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு எத்தனை மைக்ரோமோல் துகள்கள் விழுகின்றன என்று அது சொல்லும். நம் நாட்டு உச்சிவெயிலில் இவ்வளவு ஏறக்குறைய 2000. மென்பவளங்கள் பலவற்றிற்கு 50 முதல் 150 வரை போதும். மான்கொம்புப் பவளம் போன்ற கிளைப் பவளங்களுக்கு 200 முதல் 350 வரை வேண்டும்.

நிறத்தை விரும்பியபடி கூட்டிக் குறைக்க முடிவதே எல்.இ.டி. விளக்கின் சிறப்பு. பிரகாசமான நீல ஒளி தரும் டையோடைப் படைத்ததற்காக அகாசாகி, அமானோ, நகாமுரா என்னும் மூவர் 2014ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றனர். அந்த நீலமே இன்று பவளத்தொட்டியின் சூரியனாகவும் விளங்குகிறது.

பொருத்தும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீர்மட்டத்திற்கு மேல் 20 முதல் 30 சென்டிமீட்டர் உயரம் பொதுவாக ஏற்றது. மிகத் தாழ்ந்தால் ஓரிடத்தில் வெயிலும் மற்றோரிடத்தில் இருளுமாகும்; உப்புநீரும் விளக்கில் தெறிக்கும். பெரிய விளக்கு ஒன்றைவிடச் சிறியவை இரண்டு நல்லவை. ஒன்றின் நிழலை மற்றொன்று நிரப்பும். ஒளி மிகுதியாக வேண்டும் பவளம் மேலேயும், குறைவாக வேண்டுவது கீழேயும் ஓரத்திலும் இருக்கட்டும். நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். இரவு இரவாகவே இருக்க வேண்டும். மின்கம்பி இணைப்பிற்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். அப்போது வழியும் நீர் இணைப்பிற்குள் போகாது.

எல்லாவற்றிலும் முதன்மையானது, மெல்லத் தொடங்குவது. நாற்றங்கால் நிழலில் வளர்ந்த கன்றை எடுத்துச் சித்திரை வெயிலில் ஒரே நாளில் நடும் உழவர் உண்டோ? பவளத்திற்கும் அவ்வாறே. வேண்டிய அளவில் மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாக உயர்த்திச் செல்ல வேண்டும். ஒளி குறைந்தால் பவளம் மெல்லப் பழுப்பு நிறமடையும். திருத்த நாள் கிடைக்கும். மிகுந்தாலோ வெளுத்துவிடும், நாள் கிடைப்பதில்லை.

இவற்றையெல்லாம் கேட்ட மாணவன், "அப்படியானால் தூத்துக்குடியில் ஒரு துண்டு பவளம் கிடைக்குமா, ஐயா?" என்றான். கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. யானைக்கும் புலிக்கும் உரிய காவல் அவற்றிற்கும் உண்டு. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986இல் தேசியப் பூங்காவாயிற்று. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வண்டி வண்டியாகப் பவளத்தை வெட்டி எடுத்த கடல் அது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நீர் சூடேறியதால் அங்கே பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. என் தொட்டியில் ஒளி செய்த கேட்டை அங்கே வெப்பம் செய்தது. என் விளக்கிற்கு ஒரு திருகு இருந்தது. கடலுக்கு அது இல்லை.

மாணவன் முகம் வாடியது. ஆனால் அவன் சும்மா இருக்கவில்லை. கண்ணாடித் தொட்டியில் நன்னீர் நிரப்பி, வேலம்பாசியை இட்டு, மேலே சிறிய எல்.இ.டி. விளக்கைக் கட்டினான். விளக்கை ஒரு சாண் உயர்த்தினால் ஒரு நிமிடத்தில் எழும் குமிழிகள் குறைகின்றன, தாழ்த்தினால் கூடுகின்றன. ஓர் எல்லைக்கு மேல் எவ்வளவு தாழ்த்தினாலும் கூடவில்லை! அந்த எல்லையை அவன் தானே கண்டறிந்து குறித்து வைத்திருக்கிறான். அந்தக் குறிப்பேட்டை அவன் என்னிடம் காட்டியபோது, நான் ஒரு தொட்டிப் பவளத்தை இழந்து கற்ற பாடத்தை அவன் ஓர் உயிரையும் இழக்காமல் கற்றுக்கொண்டதைக் கண்டேன்.

நீங்களும் உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ இதைச் செய்து பாருங்கள். பின்னர் ஒரு விடுமுறையில் மண்டபத்திற்குச் சென்று, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காட்சித் தொட்டிகளைக் காணுங்கள். காணும்போது கடல் உயிர்களோடு, தொட்டியின் மேலே உள்ள விளக்கையும் சற்று நிமிர்ந்து பாருங்கள்.