கையாற் சுழற்றிய மின்சாரம்



போர்க்களத்திற்கென ஆக்கப்பட்ட வானொலிப் பெட்டிகள் பல, இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தபின் மலிவாக விலைக்கு வந்தன. அவற்றை விரும்பி வாங்கியோர் அமெச்சூர் வானொலியாளர். அஃதாவது, ஊதியம் கருதாது, அரசாங்க அனுமதி பெற்று வான் அலையில் உரையாடும் அன்பர்கள். அமெரிக்கப் படையினரின் ஜி.ஆர்.சி.-9 என்னும் பெட்டியை அவருட் சிலர் இன்றும் பேணி இயக்குகின்றனர். பேச்சையும் மோர்சுக் குறியையும் அனுப்ப வல்லது அது. அதற்கு மின்சாரம் ஊட்டுபவன் ஒரு மனிதன்! சிறு ஆசனத்தில் அமர்ந்து இரு கைப்பிடிகளையும் அவன் ஓயாது சுழற்றுதல் வேண்டும். தந்திச் சாவியை அழுத்துந்தோறும் பிடி கனக்கும்.

கையாற் பெறும் மின்சாரம் யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டில் மின்சாரம் அற்றது. பற்றரிகளுக்கும் தடை வந்தது. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவின் துணைகொண்டு வானொலி கேட்டனர் மக்கள். இலண்டன் தமிழோசை வேளையில் ஒருவர் சுற்ற, அயலவர் கூடிச் செவிமடுப்பர். கை தளர்ந்தாற் செய்தியும் தேயும். டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டுவதோ நேரோட்டம். இப்பாடத்தை வகுப்பறையினும் வீட்டு முற்றத்திற் கற்றோரே மிகுதி எனலாம்.

ஆயினும், ஒரு வேற்றுமை உண்டு. படைவீரன் சுழற்றியது கேட்டற்கும் பேசுதற்கும். குடாநாட்டார் சுழற்றியது கேட்டற்கு மட்டுமே. கொழும்பிலிருக்கும் மகனுக்கு ‘நலமாயிருக்கிறோம்’ என்றுரைக்க அப்பெட்டியில் வழியில்லை. அதற்குக் கடிதத்தையே நம்பியிருந்தனர்.