படித்தோம், வெட்கப்பட்டோம்!

சமீபத்தில் நாம் இரண்டு புத்தகங்கள் படித்து முடித்தோம். இரண்டும் லாகூர் சம்பந்தப்பட்டவை.

ஒன்று, 1930ல் அவ்வூர்ச் சிறையில் பகத்சிங் எழுதிய “நான் ஏன் நாத்திகன்?”. தூக்குத் தண்டனை நிச்சயமென்று தெரிந்தும் அவர் பிரார்த்தனையை நாடவில்லை. நாமோ தலைவலிக்கே நேர்த்திக்கடன் வைக்கிறோம்!

மற்றொன்று, 1936ல் லாகூர் மாநாட்டுக்கென டாக்டர் அம்பேத்கர் தயாரித்த “ஜாதி ஒழிப்பு”. சாஸ்திரங்களின் யோக்கியதையைத் தகர்க்காமல் ஜாதி போகாது என்றார். ஜாதியை ஒழிக்கவென்றே கூடிய சங்கத்தார் அதை மாற்றச் சொன்னார்கள், அவர் மறுத்தார். மாநாடு நின்றது, உரையைத் தாமே அச்சிட்டார்.

நமக்கோ ஆனந்தத்தைவிட வெட்கமே அதிகமாயிற்று. மேடையில் ஜாதியைக் கண்டித்துவிட்டு, வீட்டுக் கல்யாணத்திற்கு ஜாதியிலேயே பெண் தேடுகிறோமே! ஆகவே தோழர்களே, எத்தனை புத்தகம் படித்தோம் என்பதல்ல, படித்தபின் நம் வீட்டில் எது மாறிற்று என்பதே கேள்வி.