மகளுக்குப் பின்னால ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல்

நான் அவிநாசி பக்கத்துல சேவூர்ல இருந்து பேசறேன். பனியன் கம்பெனில செக்கிங் செக்‌ஷன் பாத்துக்கறேன். எம் பொண்ணுக்கு 18 முடிஞ்சுது, காலேஜ் முதல் வருஷம். டிசம்பர்ல நடக்கற கோயம்புத்தூர் மாரத்தான்ல 21 கிலோமீட்டர் ஓடணும்னு ஜூன் மாசம் பயிற்சி ஆரம்பிச்சா. பெத்தவங்க இதுல என்ன செய்யலாம், எங்க நிறுத்திக்கணும்னு பேசச் சொல்லிக் கேட்டாங்க.

உங்கள்ல நிறையப் பேருக்கு புதியா சிங்னு ஒரு பையனைத் தெரிஞ்சிருக்காது. ஒடிசாக்காரப் பையன். 2006 மே 2ஆம் தேதி பூரில இருந்து புவனேஸ்வர் வரைக்கும் 65 கிலோமீட்டர் ஓடினான். 7 மணி 2 நிமிஷம். வயசு எவ்வளவுங்கறீங்க? நாலு! அதுவும் மே மாசத்து வெயில். வளர்த்தவரும் பயிற்சி குடுத்தவரும் ஒரே ஆள், பிரஞ்சி தாஸ்னு ஒரு ஜூடோ கோச். நாடே கை தட்டுச்சு. அப்பறம்தான் டாக்டருங்க, குழந்தைகள் நலத்துறைன்னு எல்லாரும் கேள்வி கேட்டாங்க. நீண்ட தூரம் ஓடக்கூடாதுன்னு ஒடிசா அரசு தடுத்துச்சு. பின்னால அரசு விளையாட்டு விடுதில சேத்தாங்க. அந்த அளவுக்கு மாரத்தான் ஓட்டம் அவன் திரும்ப ஓடவே இல்ல. 2016ல அவனைப் பத்தி ஹிந்தில படம்கூட வந்துச்சு.

அந்த தாஸ் கெட்டவரா நல்லவரான்னு இன்னிக்கும் பேசிட்டு இருக்காங்க. குடிசைப் பகுதில இருந்த பையனுக்குச் சோறு போட்டவரும் அவருதான். எனக்கு உறுத்தறது வேற. சோறு போடறவரும், ஓடச் சொல்றவரும், போதும்னு நிறுத்த வேண்டியவரும் ஒரே ஆளா இருந்தா, அந்தக் குழந்தை "வலிக்குது"ன்னு யாருகிட்ட போய்ச் சொல்லும்?

இங்கிலாந்துல பீட்டர் கோன்னு ஒரு அப்பா. ஷெஃபீல்டுல கத்தி, ஸ்பூன் பண்ற ஃபேக்டரில இஞ்சினியர். அவரு ஓட்டக்காரரே இல்ல. படிச்சு, கணக்குப் போட்டு, மகன் செபாஸ்டியன் கோவுக்குப் பயிற்சி குடுத்தாரு. 1980, 1984 ரெண்டு ஒலிம்பிக்லயும் 1500 மீட்டர் தங்கம். கிலோமீட்டரைக் கூட்டிக்கிட்டே போறது அவரு வழியில்ல. கம்மியான தூரம், ஆனா அளந்து. ஃபேக்டரி ஆளுங்கறதால எனக்கு அவரைக் கொஞ்சம் புடிக்கும்னு வச்சுக்கோங்களேன்.

நம்மூருப் பக்கம் சாந்தி சௌந்தரராஜன். புதுக்கோட்டை கத்தக்குறிச்சி, அப்பா அம்மா செங்கல் சூளைல வேலை. 13 வயசுல ஓடக் கத்துக் குடுத்தது தாத்தா. மண்ணு தரைல ஓட வச்சு, ஒரு ஜோடி ஷூ வாங்கிக் குடுத்தாராம். அவ்வளவுதான் அவருகிட்ட இருந்துச்சு.

நான் கோச் இல்லீங்க. அவ படிச்ச ஸ்கூல் பி.டி. சார் வாரா வாரம் வாட்ஸ்அப்ல அட்டவணை அனுப்புவாரு. எங்கிட்ட இருக்கறது ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல். காலைல அஞ்சு மணிக்கு அவ முன்னால ஓடுவா, நான் பின்னால ஹெட்லைட் போட்டுக்கிட்டு வருவேன். எங்க ரோட்டுல அந்நேரத்துக்கே கம்பெனி வேனுங்க பறக்கும். இருட்டுல ஓடற புள்ள டிரைவருக்குத் தெரியணுமே. முன்னால பைல தண்ணி, கடலைமிட்டாய். நிலக்கடலை ஏலம் போடற ஊருங்க, கடலைக்குப் பஞ்சமில்ல.

வேகம் சரியான்னு பாக்க எனக்கு வாட்ச் வேண்டாம். "அம்மணி, டிபனுக்கு என்ன வேணும்?"னு கேப்பேன். "தக்காளிச் சட்னி வச்சு ரெண்டு தோசை போதும்மா"ன்னு முழுசாச் சொன்னா சரி. "தோசை"ன்னு ஒத்தை வார்த்தைல நின்னா வேகம் ஜாஸ்தி, குறைன்னு சொல்லிடுவேன். வாரத்துல பெரும்பாலான ஓட்டம் அப்படி பேசிக்கிட்டே ஓடற வேகத்துலதான் இருக்கணும்னு சாரும் சொன்னாரு.

துணி விஷயம் ஒண்ணு. பருத்தி பனியன்ல சோறு திங்கற ஊர்ல இருந்துக்கிட்டு சொல்லக் கூடாது, ஆனா நீண்ட ஓட்டத்துக்குப் பருத்தி வேண்டாம். வேர்வையக் குடிச்சுக் கனத்துப் போய், அக்குள், தொடைன்னு உரசிப் புண்ணாக்கிடும். பாலியஸ்டர் போடுங்க. பொண்ணுங்களுக்கு ஷூவுக்கு அடுத்த செலவு நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா. கடைல விலை கேட்டா மயக்கம் வரும். திருப்பூர் காதர்பேட்டைல எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் தேடுங்க. தையலைத் திருப்பிப் பாத்து வாங்குங்க.

எங்க ஊருக்குன்னு ஒரு கணக்கு இருக்கு. ஒன்றரை ஷிஃப்ட் பாத்தா ஒன்றரை சம்பளம். பீஸ் ரேட்னா இன்னும் சுலபம், கூடத் தெச்சா கூடக் காசு. எம் பொண்ணு அந்தக் கணக்குல பொறந்து வளந்தவ. அட்டவணைல 8 கிலோமீட்டர்னு இருந்தா 10 ஓடலாமாம்பா. லீவு நாள்லயும் காலேஜ் கிரவுண்டுல ஓடியிருக்கா, எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சுது. ஏதோ ரீல்ஸ் பாத்துட்டு ராத்திரி சோத்தையும் நிறுத்திட்டா. எடை நாலு கிலோ இறங்குச்சு.

சமையக்கட்டு காலண்டர்ல எங்க ரெண்டு பேரு தேதியும் குறிச்சிருப்பேன். ரெண்டு மாசமா அவளுது வரல. கேட்டா, "நல்லதுதானேம்மா, ஓடறதுக்கு வசதி"ங்கறா. அதே வாரம் முழங்காலுக்குக் கீழ உள்பக்கம் வலின்னா. எங்கன்னு கேட்டேன். ஒத்தை விரலை வச்சு ஒரே இடத்தைக் காட்டினா. சதை வலி அப்படி இருக்காது, பரவலா இருக்கும். அன்னிக்கே கூட்டிட்டுப் போனேன்.

ஹீமோகுளோபின் 9.8. பொண்ணுங்களுக்கு 12க்குக் கீழ போனாலே ரத்தசோகைங்க. எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியல, எம்ஆர்ஐல எலும்புல விரிசலோட ஆரம்பம் தெரிஞ்சுது. டாக்டரம்மா சொன்னது இதுதான்: ஓடற அளவுக்குச் சாப்பிடலன்னா உடம்பு முதல்ல மாதவிலக்கை நிறுத்தும், அப்பறம் எலும்பு பலம் குறையும். ஆறு வாரம் ஓடக்கூடாது. அது அக்டோபர் கடைசி.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. வலி மாத்திரை போட்டுட்டு ஓடறேங்கறா. மாத்திரை வலியை மறைக்கும், விரிசலை ஒட்ட வைக்காது. தண்ணி வத்தின உடம்புல அந்த மாத்திரை கிட்னிக்கும் ஆகாது. "என் உடம்பு, எனக்கு 18 ஆச்சு, நீ யாரு முடிவு பண்ண?"ன்னு கேட்டா.

நியாயமான கேள்விதானுங்க. நார்வேல இங்கெப்ரிட்சன்னு ஒரு குடும்பம். அப்பா பயிற்சில அண்ணன் தம்பி மூணு பேரும் 1500 மீட்டர்ல ஐரோப்பிய சாம்பியன். அந்த மூணு பேர்ல இளையவர் யாக்கோப் ஒலிம்பிக் தங்கமும் வாங்கினாரு. 2023ல அந்த மூணு பேருமே அப்பா எங்களை அடிச்சு அடக்கி வச்சாருன்னு பேப்பர்ல எழுதினாங்க. யாக்கோப் சம்பந்தப்பட்ட குற்றச்சாட்டுல 2025ல கோர்ட் விடுவிச்சிருச்சு. மகளை ஈரத் துண்டால அடிச்சதுக்கு மட்டும் தண்டனை. சட்டம் ஒரு பக்கம். அந்த மூணு பசங்களும் அப்பனை விட்டு விலகிப் போயிட்டாங்களே.

அதனால திரும்ப டாக்டரம்மாகிட்டயே போனோம். நான் உள்ள போகல, வெளிய பெஞ்சுல உக்காந்துட்டேன். இருபது நிமிஷம் ரெண்டு பேரும் பேசினாங்க. என்ன பேசினாங்கன்னு இதுவரைக்கும் கேக்கல. கண்ணு செவந்து வெளிய வந்தவ, "இந்த வருஷம் வேண்டாம்மா"ன்னா. கட்டின காசு போச்சு, போகட்டும். ரெண்டு நாள் எங்கூட முகம் குடுத்துப் பேசல.

இப்போ ராத்திரி சோறு, தினம் ரெண்டு முட்டை, முருங்கைக்கீரை, டாக்டர் குடுத்த இரும்புச்சத்து மாத்திரை. மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்துக்கு டீ கிடையாது, சத்து உடம்புல சேராதாம். அதுக்குத்தான் இப்ப பெரிய தகராறு. போன வாரம் காலண்டர்ல அவ தேதியை அவளே குறிச்சு வச்சிருந்தா.

அடுத்த திங்கட்கிழமை மறுபடி ஆரம்பிக்கலாம்னு சொல்லியிருக்காங்க. ஒரு நிமிஷம் ஓட்டம், நாலு நிமிஷம் நடை, மொத்தமா 20 நிமிஷம். அவளுக்கு அது அவமானமா இருக்குதாம். யாரும் பாக்காம நாலரைக்கே போலாமான்னு கேக்கறா. சரின்னுட்டேன். ஹெட்லைட் ரெண்டு வாரமா மங்கலா எரியுது, ஞாயித்துக்கிழமைக்குள்ள பல்பு மாத்தணும்.