ஒரு கோப்பே ஹார்ட் டிஸ்க்



முன்பு பத்து சர்வர்கள் செய்த வேலையை இன்று பல அலுவலகங்களில் ஒரே இயந்திரம் செய்கிறது. அதற்குள் பல மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. அவற்றையெல்லாம் கட்டி மேய்க்கும் மென்பொருளுக்குப் பெயர் ஹைப்பர்வைசர். விஎம்வேர், கேவிஎம், ஹைப்பர்-வி என்று பல உண்டு.

மெய்நிகர் கணினி ஒவ்வொன்றும் தனக்கென ஒரு ஹார்ட் டிஸ்க் இருப்பதாக நம்புகிறது. பெரும்பாலும் அது வெறும் கோப்புதான். உள்ளிருக்கும் விண்டோஸ் எதையாவது எழுதச் சொன்னால், ஹைப்பர்வைசர் அதை வாங்கி அந்தக் கோப்பில் உரிய இடத்தில் எழுதுகிறது. இந்த யோசனை புதிதல்ல; 1960களிலேயே ஐபிஎம் பொறியாளர்கள் ஒரே டிஸ்கைக் கூறுபோட்டு, ஆளுக்கொரு குட்டி டிஸ்காகக் கொடுத்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்ததும், அச்சம் தருவதும் ‘தின் புரொவிஷனிங்’ என்ற முறை. 100 ஜிபி டிஸ்க் என்று சொல்லிக் கொடுத்தாலும், எழுத எழுதத்தான் கோப்பு வளரும். அதனால் 1,000 ஜிபி சேமிப்பகத்தில் இப்படி இருபது டிஸ்குகளைக்கூட உருவாக்கலாம். முந்நூறு பேருக்குச் சமைத்துவிட்டு அறுநூறு பேருக்குப் பத்திரிகை வைப்பது போலத்தான். எல்லோரும் ஒரே பந்திக்கு வராதவரை சமாளிக்கலாம். சேமிப்பகம் நிரம்பிவிட்டாலோ, எழுத இடம் கேட்கும் கணினிகள் அப்படியே நின்றுபோகும். உள்ளே கோப்புகளை அழித்தால் மட்டும் இடம் திரும்பிவிடாது. ‘இந்த இடம் காலி’ என்ற தகவல் ஹைப்பர்வைசருக்கும் அதற்குக் கீழே உள்ள சேமிப்பகத்துக்கும் போய்ச் சேர வேண்டும்.

அடுத்தது ஸ்னாப்ஷாட், அதாவது டிஸ்கின் அந்தக் கணத்து நிலையை அப்படியே நிறுத்தி வைப்பது. அதை எடுத்ததும் பழைய கோப்பில் கைவைக்காமல், புதிய மாற்றங்கள் வேறொரு கோப்பில் சேர்கின்றன. மென்பொருளைப் புதுப்பிக்கும் முன் எடுத்து வைத்தால், ஏதேனும் கெட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். அருமையான வசதி. ஆனால் மறந்து விட்டுவிட்டால் மாற்றக் கோப்பு ஊதிக்கொண்டே போய், கணினியின் வேகம் குறைந்து, சேமிப்பகமும் நிரம்பும். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பது விஎம்வேர் தரும் அறிவுரை.

ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று எண்ணுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பேக்கப் அல்ல. மூலக் கோப்பு போனால் ஸ்னாப்ஷாட்டும் பயன்படாது. சர்வர்களைக் கவனிக்கும் நேயர்களே, தரவின் ஒரு நகலை வேறொரு சேமிப்பகத்தில் தனியே வையுங்கள். அதிலிருந்து மீட்க முடிகிறதா என்று அவ்வப்போது சோதித்தும் பாருங்கள்.