உளி பிடித்த கை விண்ணப்பத்தையும் நிரப்பட்டும்!

(நமது மாணவர் அணியின் இணையவழிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான், முழுசா படிங்க. உங்கள் ஊரில் சிற்பம், ஓவியம், சுடுமண் கலை படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு அனுப்பிவையுங்க.)



நம்ம கூட்டத்தில் வழக்கமாகப் பேசுகிற எதையும் இன்றைக்கு நான் பேசப்போவதில்லை. ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். இதுக்கு ஒரு கூட்டமா என்று கேட்பீங்க. கேளுங்க, பரவாயில்லை. கடைசி ஆண்டு படிக்கிற ஒரு சிற்பக் கல்லூரி மாணவிக்கு அந்தப் படிவம் என்ன என்பது தெரிந்தால் இப்படிக் கேட்கமாட்டீங்க.

மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கு. 1957-ல் ஒரு பயிற்சி மையமாகத் தொடங்கியது. கன்னியாகுமரியில் 133 அடி உயரத்தில் நிற்கிற அய்யன் வள்ளுவர் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி பல ஆண்டுகள் தலைமை ஏற்று நடத்திய இடம் அது. கல், மரம், சுதை, உலோகம், மரபு ஓவியம், கோயில் கட்டடக்கலை எல்லாம் அங்கே பாடம். சென்னையில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கு, 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைக்கு அந்தக் கல்லூரி. கும்பகோணத்திலும் ஒன்று இருக்கு.

இந்தக் கல்லூரிகள் செய்த பெரிய காரியம் என்ன? அப்பன் மகனுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்த வித்தையை அரசுப் பாடமாக்கினாங்க. தாள அளவு, அங்குலக் கணக்கு, மெழுகு பிடிக்கிற பக்குவம் எல்லாம் ஒரு சில குடும்பங்களின் வீட்டுச் சொத்தாக இருந்தது. இன்றைக்கு எந்தச் சாதியில் பிறந்த பிள்ளையும், பெண் பிள்ளையும், மதிப்பெண் காட்டி உள்ளே போய் உளியைப் பிடிக்கலாம். சமூகநீதி கல்லில் ஏறிய இடம் என்று நான் அதைச் சொல்வேன்.

ஆனால் பட்டம் வாங்கி வெளியே வந்த மறுநாள் என்ன நடக்குதுன்னு பாருங்க.

பரம்பரைச் சிற்பி வீட்டுப் பையனுக்குப் பட்டறை இருக்கு. உளி தீட்டிக் கொடுக்கிற கொல்லரைத் தெரியும். எந்தக் குவாரிக் கல் மணி மாதிரி ஒலிக்கும், எது உள்ளே விரிசல் விட்டிருக்கும் என்று சொல்ல மாமா இருக்கார். கோயில் வேலை வந்தால் முதலில் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. அவன் உழைப்பைக் குறை சொல்லவில்லை, அந்தக் குடும்பங்கள் இல்லாவிட்டால் இந்தக் கலையே மிஞ்சியிருக்காது. கூலித் தொழிலாளியின் மகள், அதே வகுப்பில் அதே மதிப்பெண் வாங்கியவள், அவளுக்கு என்ன இருக்கு? கல் வாங்கக் காசில்லை, வைக்க இடமில்லை, கிரைண்டர் ஓட்ட கரண்ட் இணைப்பு இல்லை. ஆறு மாசம் பார்ப்பாள். அப்புறம் பிளக்ஸ் பேனர் டிசைன் பண்ணுகிற கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அரசு நாலு வருஷம் செலவு செய்து உருவாக்கிய கை அது.

அரசுத் திட்டம் இல்லையா என்று கேட்பீங்க. இருக்கு. ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பரில் வந்தது. 18 தொழில்கள், சிற்பியும் அதில் உண்டு. கருவி வாங்க 15,000 ரூபாய், முதல் தவணையாக ஒரு லட்சம் கடன். ஆனால் அது குடும்பத் தொழிலாகச் செய்கிறவர்களை மனசில் வைத்து எழுதிய திட்டம், குலத்தொழிலை இறுக்கிக் கட்டுகிற திட்டம் என்று தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பு உங்களுக்குத் தெரியும். மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் சாதி பார்க்கவில்லை, மூன்று லட்சம் வரை கடன், மானியமும் உண்டு. வரவேற்கிறோம். ஆனால் அதற்கு 35 வயது ஆகியிருக்கணும். 22 வயதில் பட்டம் வாங்குகிற பிள்ளை 13 வருஷம் என்ன செய்யும்? தவிர, இரண்டுமே கடன். கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் ஒரு பிள்ளையைத் தவணை கட்டச் சொல்வது சரியா?

அந்த இடைவெளியில்தான் நான் சொல்ல வந்த படிவம் நிற்குது. ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகத்தின் இளம் கலைஞர்களுக்கான உதவித்தொகை. புதுதில்லியில் இருக்கிற சி.சி.ஆர்.டி. நிறுவனம் நடத்துது. மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டு. மொத்தம் 1,20,000. கடன் கிடையாது, திருப்பிக் கட்ட வேண்டாம். நாடு முழுக்க ஆண்டுக்கு 400 பேர் வரை. பாட்டு, நடனம், நாடகத்தோடு சிற்பம், ஓவியம், சுடுமண் கலை எல்லாமே இதில் வரும். ஏப்ரல் 1 அன்றைக்கு 18 வயதுக்குக் குறையாமல், 25 வயதுக்கு மேற்படாமல் இருக்கணும். ஒரு குருவிடமோ நிறுவனத்திலோ மேற்பயிற்சி எடுக்கிறதுக்குத்தான் இந்தப் பணம்.

பரதநாட்டியம், கர்நாடக சங்கீதம் படிக்கிற வீடுகளுக்கு இந்த உதவித்தொகை நல்லாத் தெரியும். நம்ம சிற்பக் கல்லூரிப் பிள்ளைகளிடம் கேட்டுப்பாருங்க, பாதிப் பேர் "அப்படி ஒண்ணு இருக்காண்ணே?" என்பாங்க.

சரி, இதில் ஒரு முள் இருக்கு. குறைந்தது ஐந்தாண்டுப் பயிற்சி இருக்கணும், குருவோ நிறுவனமோ அதற்குக் கையெழுத்துப் போட்ட சான்று தரணும். கல்லூரிப் படிப்பு நான்கு ஆண்டு! பரம்பரை வீட்டுப் பையன் அப்பாவிடம் பத்து வயசில் சுத்தி பிடித்ததைக் கணக்கில் காட்டலாம். முதல் தலைமுறைப் பிள்ளை ஒரு வருஷம் குறைகிறதே என்று படிவத்தை மூடி வைத்துவிடும். மூடாதீங்க. பள்ளிக்கூட நாளில் ஒரு ஓவிய ஆசிரியரிடம் முறையாகக் கற்றிருக்கலாம், ஜவகர் சிறுவர் மன்றம் போயிருக்கலாம், அதுவும் பயிற்சிதான், சான்று கேட்டு வாங்குங்க. அப்படி எதுவும் இல்லையா? பட்டம் முடித்ததும் ஒரு மூத்த ஸ்தபதியிடம் ஒரு வருஷம் உட்காருங்க. நாலும் ஒண்ணும் அஞ்சு. 22-ல் முடித்த பிள்ளை 23-ல் விண்ணப்பிக்கலாம், கிடைக்காவிட்டால் மறுபடியும் முயற்சி செய்ய வயசு இருக்கு.

இந்தச் சான்று விஷயத்தில் ஒரு கண்டிப்பு. இல்லாத பயிற்சிக்குப் பொய்ச் சான்று வாங்கிக் கொடுக்கிற வேலையை நம்ம ஆளுங்க யாரும் செய்யக்கூடாது. நேர்முகத்தில் வல்லுநர் குழு முன்னால் உட்காரணும், "நவதாளத்தில் முகத்தின் அளவு எவ்வளவு?" என்று ஒருத்தர் கேட்டால் பொய் அங்கேயே உடைஞ்சிடும். இன்னொன்றும் சொல்லிடறேன். கட்சி லெட்டர்பேடில் சிபாரிசுக் கடிதம் கேட்டு யாரும் வராதீங்க. அந்தப் பிள்ளைக்கு அது உதவாது, கெடுதல்தான். "நான் தில்லியில் பேசி வாங்கித் தர்றேன்" என்று காசு கேட்கிறவன் எந்தக் கொடி பிடித்தாலும் விரட்டுங்க.

இப்போ படிவத்துக்கு வர்றேன். நம்ம பிள்ளைகள் தோற்கிற இடம் எழுத்து. கல்லில் சொல்லத் தெரியும், காகிதத்தில் சொல்லத் தெரியாது. "சிறு வயது முதலே கலையில் ஆர்வம் உண்டு, நம் பாரம்பரியத்தைக் காக்க விரும்புகிறேன்" என்று எழுதுறாங்க. வந்து குவிகிற அத்தனை பேரும் அதையேதான் எழுதியிருப்பாங்க, படிக்கிறவருக்கு ஒண்ணும் நிற்காது.

வேறு மாதிரி எழுதலாம். சுதைச் சிற்பம் படித்த ஒரு மாணவியை எடுத்துக்குங்க. பழைய கோபுரங்களில் சுண்ணாம்புச் சாந்து, கடுக்காய்த் தண்ணி, வெல்லம் கலந்து அரைத்துச் செய்த சுதை இருக்கு. இப்போ பல இடத்தில் சிமென்ட் வந்துடுச்சு. பழைய சுண்ணாம்பு மேல் சிமென்ட் பூசினால் இரண்டும் ஒட்டி வாழாது, ஈரம் உள்ளே மாட்டிக்கும், நாளடைவில் பெயர்ந்து விழும். "நான் கல்லூரியில் சுதை உருவம் செய்யக் கற்றேன். சாந்து புளிக்கவைக்கிற பக்குவத்தை ஆண்டின் எல்லாப் பருவத்திலும் பார்த்துப் பழக எனக்கு இரண்டு வருஷம் வேணும். இன்ன ஊரில் இன்ன ஸ்தபதியிடம் அதைக் கற்கப்போகிறேன். முதல் ஆறு மாதம் சாந்து, அடுத்த ஆறு மாதம் உருவம்..." இப்படி எழுதினால் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். எதைத் தெரியும், எதைத் தெரியாது, யாரிடம், எவ்வளவு காலம். இவ்வளவுதான்.

அப்புறம் படம். ஒரு மாசம் செதுக்கிய சிலையை மதியம் பன்னிரண்டு மணி வெயிலில், பின்னால் பைக்கும் கொடிக்கயிறும் தெரிய, போனில் ஒரே ஒரு படம் எடுத்து அனுப்புறாங்க! மனசு வலிக்குது. காலை இளவெயிலில், வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற மாதிரி எடுங்க, அப்போதான் உளித்தடம் தெரியும். பின்னால் ஒரு வெற்று வேட்டியைக் கட்டுங்க. முன், பின், இரண்டு பக்கம், முகம், விரல் என்று தனித்தனியாக. பக்கத்தில் ஒரு அளவுகோல். வேலை நடக்கும்போதே எடுத்த படங்கள் ரொம்ப முக்கியம், கோடு போட்ட கல், பாதி எழுந்த உருவம், முடிந்த சிலை. கல்லூரியில் நாலு பேர் சேர்ந்து செய்த வேலையென்றால் "முகமும் மேல் இரண்டு கைகளும் நான் செய்தது" என்று நேர்மையாக எழுதுங்க. முழுசும் என்னுதுன்னு போடாதீங்க.

வயதுக்குப் பத்தாம் வகுப்புச் சான்று, தன் பெயரில் ஓடுகிற வங்கிக் கணக்கு, ஆதாரில் இருக்கிற எழுத்தும் மார்க் ஷீட்டில் இருக்கிற எழுத்தும் ஒண்ணா இருக்கா என்று பார்க்கிறது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு ஆண்டு அறிவிப்பையும் புதுசாகப் படிங்க, போன வருஷத்துப் படிவத்தை நம்பாதீங்க. கிடைத்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பயிற்சி அறிக்கை அனுப்பணும், அதை விட்டால் பணம் நிற்கும்.

மேற்கொண்டு வழி இல்லாமல் இல்லை. லலித் கலா அகாடமி இளம் ஓவியர், சிற்பிகளுக்குத் தனியாக உதவித்தொகை அறிவிக்குது. அதன் மண்டல மையம் சென்னை கிரீம்ஸ் சாலையில் இருக்கு, வேலை செய்யக் கூடமும் உண்டு. ஒருமுறை நேரில் போய்ப் பாருங்க, உள்ளே போக யாரும் தடுக்கமாட்டாங்க.

இவ்வளவும் சொன்ன பிறகு அரசியல் பேசாமல் இருக்க முடியுமா? மாதம் 5,000 என்பது ஒரு நாளைக்கு 170 ரூபாய்கூட வராது. தில்லியில் உட்கார்ந்து இந்தத் தொகையை எழுதியவர் ஒரு கருங்கல் துண்டின் விலையைக் கேட்டிருக்கமாட்டார். அறிவிப்பும் படிவமும் இந்தியிலும் ஆங்கிலத்திலும். தமிழில் ஏன் இல்லை? ஒன்றிய அரசிடம் தொகையை உயர்த்தவும் தமிழில் விண்ணப்பிக்கவும் நாம் கேட்கிறோம். மாநில அரசிடம் கேட்பது வேறு. இந்த மூன்று அரசுக் கல்லூரிகளிலும் கடைசி ஆண்டு முடிக்கிற பிள்ளைகளுக்கு, முக்கியமாக வீட்டில் பட்டறை இல்லாத பிள்ளைகளுக்கு, நம்ம மாநிலத்தின் சொந்த உதவித்தொகை வேணும். கருவிக்குப் பணம், ஒரு மூத்த சிற்பியின் பட்டறையில் இடம், அந்தச் சிற்பிக்கும் மதிப்பூதியம். மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-லேயே புவிசார் குறியீடு வாங்கியாச்சு. கல்லுக்குச் சான்றிதழ் வந்துடுச்சு, கைக்கு எப்போ?

அது வரும்வரை காத்திருக்க வேண்டாம். மாமல்லபுரம், சென்னை, கும்பகோணம் தோழர்கள் கடைசி ஆண்டு மாணவர்களைப் போய்ப் பாருங்க. கொடி வேண்டாம், துண்டு வேண்டாம், கேமரா நல்லா இருக்கிற ஒரு போனும் வெள்ளை வேட்டியும் எடுத்துட்டுப் போங்க. ஆங்கிலம் எழுதத் தெரிந்த தங்கை யாராவது கூட வரட்டும். பிள்ளைகள் தமிழில் சொல்லட்டும், நீங்க எழுதுங்க. எழுதியதை அவங்களுக்கே தமிழில் திருப்பிச் சொல்லிக் காட்டி, "ஆமாண்ணே, இதைத்தான் சொன்னேன்" என்று அவங்க சொன்ன பிறகு அனுப்புங்க.