நிற்கும் வண்டியைக் கடக்கும்போது

(தோட்ட மண்டபம் ஒன்றில் நடைபெற்ற சாலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)

 

சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேச வருவோர் பெரும்பாலும் ஓடும் வண்டிகளைப் பற்றியே பேசுவர். நானோ இன்று நிற்கும் வண்டிகளைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். "ஓடுகின்ற வண்டியால் ஆபத்து வரும், நின்றுகொண்டிருக்கும் வண்டி யாரை என்ன செய்துவிடும்?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறுதான் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் தவறு என்பதை எனக்குக் கற்பித்தது ஒரு மாலைப்பொழுது. அதனை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

நானும் உங்களைப் போல் தோட்டத்திலே பிறந்து, லயத்திலே வளர்ந்தவன்தான். பட்டணத்தில் வேலை கிடைத்த புதிதில் ஒரு சிறிய மோட்டார் சைக்கிள் வாங்கியிருந்தேன். ஒரு நாள் மாலை வேலை முடிந்து வீடு திரும்புகையில், எங்கள் தோட்டத்துச் சந்திப்பில் பள்ளிப் பேருந்து ஒன்று நின்றுகொண்டிருந்தது. எதிரே வண்டி எதுவும் வரவில்லை. ஆகவே, வேகத்தைக் குறைக்காமலே பேருந்தின் வலப்பக்கமாகக் கடந்தேன். பேருந்தின் முன்புறத்திலிருந்து சீருடை அணிந்த ஒரு சிறுமி சாலையைக் கடக்க ஓடி வந்தாள். நான் பிரேக்கை அழுத்தினேன், வண்டி சறுக்கியது. முன்சக்கரம் அவள் தோளில் தொங்கிய பள்ளிப் பையில் மோதிற்று. சிறுமி கீழே விழுந்தாள். முழங்காலில் சிராய்ப்பு, வேறு காயம் இல்லை. இன்னும் ஓர் அடி முன்னே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் என்னால் நினைத்துப் பார்க்க இயலவில்லை.

அச்சிறுமி எங்கள் லயத்திலே நான்கு வீடு தள்ளிக் குடியிருந்தவரின் மகள். அன்றிரவு அவளுடைய தாயார் எங்கள் வீட்டிற்கு வந்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஏசவில்லை. "தம்பி, என் பிள்ளை வந்ததை நீ பார்க்கலையா?" என்று மட்டும் கேட்டார். "பேருந்து மறைத்திருந்தது, அக்கா, பார்க்க முடியவில்லை" என்றேன். "பார்க்க முடியாத இடத்திலே ஏன் தம்பி அவ்வளவு வேகமா வந்தே?" என்றார் அவர். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்பர்களே! இன்று நான் சொல்லப்போகும் அனைத்தும் அந்தத் தாயார் கேட்ட கேள்வியில் அடங்கியிருக்கின்றது. பார்க்க முடியாத இடத்திற்குள் வேகமாகச் செல்லக்கூடாது. மற்ற விதிகள் யாவும் இந்த ஒரு விதியின் கிளைகளே.

நிற்கும் வண்டி ஒரு மறைப்பு

சாலையோரம் நிற்கும் வண்டியை நாம் வெறும் வண்டியாகப் பார்க்கக்கூடாது. ஒரு சுவராகப் பார்த்தல் வேண்டும். அதன் முன்புறத்திலிருந்து ஒரு குழந்தை ஓடி வரலாம். அதன் கதவு திடீரெனத் திறக்கப்படலாம். அவ்வண்டியே சமிக்ஞை காட்டாமல் சாலைக்குள் புறப்படலாம். எதிர்ப்பக்கத்திலிருந்து வருபவர் நம்மைக் காணாமல் நம் பாதைக்குள் வந்துவிடலாம்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகின்றது. ஆபத்தைக் கண்ணால் கண்டு, பிரேக்கை அழுத்துவதற்கு நமக்கு ஒரு விநாடியாவது பிடிக்கும். ஒரு பெரிய பேருந்தின் நீளமே 12 மீட்டர் அளவுதான். ஆகவே, நாம் பிரேக்கைத் தொடுவதற்கு முன்னரே பேருந்தின் முழு நீளத்தையும் கடந்துவிட்டிருப்போம். உலர்ந்த சாலையில் அந்த வேகத்தில் வரும் வண்டி முற்றாக நிற்பதற்கு ஏறக்குறைய 35 மீட்டர் தேவை. அதே வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 13 மீட்டருக்குள் நின்றுவிடும். மழை பெய்து சாலை ஈரமாக இருந்தால் இத்தூரம் இன்னும் கூடும். வேகத்தைப் பாதியாகக் குறைப்பதால் நாம் இழப்பது சில விநாடிகளே. காப்பாற்றப்படுவதோ ஓர் உயிர்.

மோட்டார் சைக்கிளில் செல்வோர் கவனத்திற்கு

நம் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டுபோவோருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே. 1973 ஆம் ஆண்டில் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. 1992 ஆம் ஆண்டில் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டுமென்று விதிக்கப்பட்டது. இவ்விரண்டும் பல உயிர்களைக் காத்துள்ளன. ஆயினும், தலைக்கவசமும் விளக்கும் நாம் செய்யவேண்டிய கவனிப்பை நமக்காகச் செய்துவிடமாட்டா.

மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் சாலையின் இடது ஓரமாகச் செல்வது வழக்கம். பழுதான லோரியும், சாப்பாட்டுக் கடைக்கு முன் நிறுத்தப்படும் காரும் நிற்பது அதே இடது ஓரத்தில்தான். எனவே, நிற்கும் வண்டி நேராக நம் பாதையில்தான் இருக்கும். அதனைச் சுற்றிச் செல்ல வலப்பக்கம் திரும்பும் அந்தக் கணத்தில், பின்னால் விரைந்து வரும் கார்களின் பாதைக்குள் நாம் நுழைகின்றோம். தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர், தாப்பா வழியாகச் செல்லும் பழைய கூட்டரசுச் சாலையில் இதனை நீங்களே பலமுறை கண்டிருப்பீர்கள்.

ஆகவே, பின்வருவனவற்றை மனத்திற் கொள்க.

முதலாவது: நிற்கும் வண்டியைத் தொலைவிலேயே கண்டுகொண்டு வேகத்தைக் குறையுங்கள். அருகில் வந்து சட்டென ஒடிக்காதீர்கள்.

இரண்டாவது: பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். கண்ணாடியில் தெரியாத இடமும் உண்டு. ஆகவே, தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பியும் பாருங்கள். அதன் பின்னர் சமிக்ஞை விளக்கைப் போட்டு, வழி இருந்தால் மட்டும் விலகுங்கள். வழி இல்லையேல் நிற்கும் வண்டியின் பின்னால் சற்று இடைவெளி விட்டு நின்று காத்திருங்கள்.

மூன்றாவது: கடக்கும்போது ஒரு கார்க் கதவு முழுதாகத் திறந்தாலும் நம்மேல் படாத அளவுக்கு, ஒரு மீட்டருக்கு மேல் இடம் விடுங்கள். பால் கேன்களை இருபுறமும் கட்டிச் செல்வோர் தங்கள் வண்டியின் அகலம் கூடியிருப்பதை மறத்தல் ஆகாது. பாரம் ஏற்றிய வண்டி நிற்பதற்கும் கூடுதல் தூரம் வேண்டும்.

நான்காவது: வரிசையாகக் கார்கள் நிற்கும் இடத்தில் ஒவ்வொரு காருக்கும் இடையே உள்ளே நுழைந்தும் வெளியே வந்தும் பாம்புபோல் ஓட்டாதீர்கள். நேர்க்கோட்டில் செல்லுங்கள், பின்னால் வருபவர் உங்களைத் தெளிவாகக் காண்பார்.

ஐந்தாவது: வளைவிலும் மேட்டிலும் எதிரே வருவது தெரியாது. அங்கே இரட்டை வெள்ளைக் கோடு போட்டிருப்பது அதனாலேயே. அவ்விடத்தில் முன்னால் செல்பவர் கடந்தார் என்பதற்காக நாமும் அவர் பின்னே செல்லலாகாது. எதிர்ப்புறம் தம் பாதையில் வருபவருக்கே முதல் உரிமை. ஹார்ன் அடித்துவிட்டால் வழி பிறந்துவிடும் என்று நம்புவோரும் உளர். ஹார்ன் ஓசை நம் வருகையை அறிவிக்கும். மறைவில் இருப்பதை நமக்குக் காட்டாது.

விடியற்காலை இருள்

பிரட்டுக்குப் போகும் நேரத்தில் இருளும் பனியும் கலந்திருக்கும். நெடுந்தூர லோரி ஓட்டுநர்கள் சிலர் சாலையோரத்தில் விளக்கின்றி வண்டியை நிறுத்திவிட்டு உறங்குவதுண்டு. இருட்டில் நிற்கும் லோரியின் பின்புறம் நம் கண்ணுக்குப் புலப்படும்போது காலம் கடந்திருக்கும். நம் முன்விளக்கின் ஒளி எட்டும் தூரத்திற்குள் நிறுத்தக்கூடிய வேகமே இருட்டில் பாதுகாப்பான வேகம். வேலைக்குச் செல்லும் வழியில் விபத்து நேர்ந்தால் 1969 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சொக்சோ இழப்பீடு வழங்குகின்றது. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால், சொக்சோ பணம் தரும். போன காலைத் திருப்பித் தராது.

பேருந்தை விட்டு இறங்குவோர்

தாய்மார்களே! இனி நான் சொல்வது உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் உரியது. பேருந்தை விட்டு இறங்கியவுடன் அதன் முன்னாலோ பின்னாலோ சாலையைக் கடக்கக்கூடாது. முன்னால் கடந்தால், பேருந்தை முந்தி வரும் வண்டி உங்களைக் காணாது. பின்னால் கடந்தால், எதிரே வரும் வண்டி காணாது. ஓரத்திலே ஒதுங்கி நின்று, பேருந்து புறப்பட்டுப் போனபின், இருபுறமும் பார்த்துக் கடத்தல் வேண்டும். அழைத்துச் செல்ல வரும் தந்தையர் சாலையின் மறுபக்கம் நின்றுகொண்டு "வா, வா" என்று பிள்ளையைக் கை காட்டி அழைக்கின்றனர். இது பெருந்தவறு. அப்பாவின் முகத்தைக் கண்ட குழந்தைக்குச் சாலை கண்ணில் படாது. பேருந்து நிற்கும் பக்கத்திலேயே சென்று காத்திருங்கள்.

நம் வண்டி நின்றுவிட்டால்

நம் வண்டியே பழுதாகி நின்றுவிட்டால், பிறருக்கு நாம் ஆபத்தாகிவிடக்கூடாது. இயன்றவரை தார்ச் சாலையை விட்டுப் புல்தரைக்குத் தள்ளுங்கள். காராயின் நான்கு சமிக்ஞை விளக்குகளையும் ஒருசேர எரியவிட்டு, எதிரொளி வீசும் சிவப்பு முக்கோணத்தை 50 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் வையுங்கள். வளைவாயின் வளைவுக்கு முன்னரே வையுங்கள். வண்டிக்குப் பின்னால் நின்று பழுதுபார்க்காதீர்கள். மரக்கிளையை ஒடித்துச் சாலையில் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. பகலில் அது ஓரளவு உதவும், இருளில் உதவாது. வண்டி புறப்பட்டபின் அக்கிளையை அப்படியே விட்டுச் செல்வது அடுத்து வருபவருக்கு நாம் வைக்கும் பொறி. பிறருக்கு ஆபத்தோ இடையூறோ நேரும்படி வண்டியை நிறுத்திவைப்பது 1987 ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி குற்றமுமாகும்.

விபத்து நடந்த இடத்தில் போலீஸ் வண்டியோ, ஆம்புலன்ஸோ, தீயணைப்பு வண்டியோ நின்றால் வேகத்தைக் குறைத்து, அங்கே பணி செய்வோருக்கு இடம் விட்டுக் கடந்து செல்லுங்கள். உதவிக்கு யாரும் வந்திராவிட்டால் 999 என்ற எண்ணுக்கு அழையுங்கள். ஆனால், வேடிக்கை பார்க்கவும், நொறுங்கிய வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டு நாலு நம்பர் வாங்கவும் நிற்காதீர்கள். ஒருவர் குருதி சிந்திக் கிடக்கும் இடத்தில் நமக்கு அதிர்ஷ்டம் தேடுவது மனிதப் பண்பாகாது. அவ்வாறு நிறுத்தப்படும் வண்டிகளாலேயே இரண்டாவது விபத்தும் நேர்கின்றது.

அன்பர்களே! அன்று என் சக்கரத்தருகே விழுந்த சிறுமி இன்று பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார். அவர் இல்லத்து விழாக்களுக்கு இன்றும் என்னை அழைக்கின்றார். அவ்வீட்டு வாசலில் கால் வைக்கும் ஒவ்வொரு முறையும், ஓர் அடி தூரத்தில் தப்பியது அவருடைய உயிர் மட்டுமன்று, ஒரு குடும்பமே என்று எண்ணிக்கொள்வேன்.

நாளை நீங்கள் வீடு திரும்புகையில் தோட்டத்துச் சந்திப்பில் ஒரு பேருந்து நிற்கும். அதன் மறைவில் உங்கள் பிள்ளை நிற்பதாகவே எண்ணிக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள். அங்கே நிற்பது யார் வீட்டுப் பிள்ளையாயினும், வீட்டிலே அதற்காக ஒரு தாய் காத்திருக்கின்றாள்.